ஒரே சான்றிதழ், நான்கு வேலைகள்: ஆசிரியர் தகுதித் தேர்வு பற்றிய நிகழ்வு ஆய்வு

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு ஒன்று, தமிழ்நாட்டுப் பள்ளிகளின் ஆசிரியர் அறைகளில் அன்று மாலையே பேச்சாகிவிட்டது. அஞ்சுமன் இஷாத்-இ-தலீம் அறக்கட்டளைக்கும் மகாராஷ்டிர அரசுக்கும் இடையிலான வழக்கு அது. ஆனால் தமிழ்நாட்டிலிருந்து போன மேல்முறையீடுகளும் அதோடு சேர்ந்தே விசாரிக்கப்பட்டன. நீதிபதிகள் தீபாங்கர் தத்தா, அகஸ்டின் ஜார்ஜ் மசி அமர்வு சொன்னதன் சாரம் இது: ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பாடம் நடத்தும் ஆசிரியர், எந்த ஆண்டில் வேலைக்குச் சேர்ந்திருந்தாலும், ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவர்களுக்கு இரண்டாண்டு அவகாசம். அதற்குள் தேறாவிட்டால் பணியிலிருந்து விலக வேண்டும், அல்லது ஓய்வுக்காலப் பலன்களோடு கட்டாய ஓய்வு. ஐந்தாண்டுக்குக் குறைவாக இருப்பவர்கள் தேர்வு எழுதாமலே ஓய்வு வரை தொடரலாம், ஆனால் பதவி உயர்வு கேட்க முடியாது. இந்தக் கடைசிச் சலுகையை அரசியலமைப்பின் 142ஆம் பிரிவைக் கையில் எடுத்துத்தான் நீதிமன்றம் கொடுத்தது.

இருபது வருடம், இருபத்தைந்து வருடம் வகுப்பில் நின்றவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது. “இத்தனை நாள் இல்லாத தகுதி இப்போது எங்கிருந்து வந்தது?”

அதற்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. ஆனால் அந்தப் பதில் பதினைந்து வருடமாக ஊர் ஊராகச் சுற்றி வந்த கதையைப் பார்த்தால்தான், ஆசிரியர்களின் கோபம் வெறும் பரீட்சை பயம் இல்லை என்பது புரியும். ஆசிரியர் தகுதித் தேர்வைச் சுருக்கமாக ‘டெட்’ என்பார்கள். டெட் சான்றிதழ் என்ற அந்த ஒரே தாளுக்கு ஒவ்வொரு கட்டத்திலும் வெவ்வேறு வேலை கொடுத்தார்கள். முதலில் அது நுழைவுச் சீட்டு. அப்புறம் தரவரிசைக்கான மதிப்பெண். பிறகு பதவி உயர்வுக்கான நிபந்தனை. இப்போது இருக்கிற வேலையைத் தக்கவைக்கும் உரிமம். ஒவ்வொரு முறையும் விதி மாறியது வரிசையில் பாதித் தூரம் வந்துவிட்டவர்களுக்கு. இந்த ஆய்வு அந்த மாற்றங்களைப் பற்றியது.

பதிவு மூப்பிலிருந்து தேர்வுக்கு

2012க்கு முன்பு தமிழ்நாட்டில் இடைநிலை ஆசிரியரும் (தொடக்க வகுப்புகளுக்கு) பட்டதாரி ஆசிரியரும் (ஆறாம் வகுப்பிலிருந்து) பெரும்பாலும் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பின்படி எடுக்கப்பட்டார்கள். டி.டி.எட். அல்லது பி.எட். முடித்ததும் பதிவு செய்வது, மூன்றாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிப்பது, அழைப்பு வரும் வரை தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்கு ஓட்டுவது என்பதுதான் வழக்கம். பதிவைப் புதுப்பிக்க மறந்து மூப்பை இழந்தவர்களின் கதை எல்லா ஊரிலும் உண்டு. அந்த முறையில் திறமைக்கு இடமில்லை என்ற குறை நியாயமானதுதான். ஆனால் ஒரு நிச்சயம் இருந்தது. இன்ன வருடம் பதிந்தவருக்கு இன்ன வருடவாக்கில் வேலை என்று குத்துமதிப்பாகவாவது சொல்ல முடிந்தது.

2010 ஏப்ரல் 1 அன்று கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆசிரியருக்கான குறைந்தபட்சத் தகுதியை வகுக்கும் அதிகாரத்தை அதன் 23ஆம் பிரிவு ஒரு கல்வி அமைப்பிடம் கொடுக்கச் சொன்னது. மத்திய அரசு அதைத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்திடம் கொடுத்தது. குழுமம் 2010 ஆகஸ்ட் 23 அன்று வெளியிட்ட அறிவிக்கையில்தான் தகுதித் தேர்வு என்ற சொல் முதன்முதலில் வந்தது. ஒன்று முதல் ஐந்து வரை நடத்துபவருக்கு ஒரு தாள், ஆறு முதல் எட்டு வரை நடத்துபவருக்கு இன்னொரு தாள். 2011 பிப்ரவரியில் வந்த வழிகாட்டு நெறிகள் மற்றதைச் சொல்லின: 150 கொள்குறி வினாக்கள், தேர்ச்சிக்கு 60 விழுக்காடு, தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை, சான்றிதழ் அதிகபட்சம் ஏழாண்டு செல்லும், மாநிலங்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது தேர்வு நடத்த வேண்டும்.

இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்த பாதிக் குளறுபடிக்கு அந்த வரியைக் கடைப்பிடிக்காததே காரணம்.

அதே அறிவிக்கையில் இன்னொரு பத்தியும் இருந்தது. அந்தத் தேதிக்கு முன்பே அப்போதைய விதிகளின்படி முறையாக நியமிக்கப்பட்டவர்கள் புதிய தகுதியைப் பெறத் தேவையில்லை என்றது அது. பழைய ஆசிரியர்கள் பதினைந்தாண்டு நிம்மதியாக இருந்தது அந்தப் பத்தியை நம்பித்தான். ஆனால் சட்டத்தின் 23(2) பிரிவு வேறு மாதிரி எழுதப்பட்டிருந்தது. சட்டம் தொடங்கும்போது தகுதி இல்லாத ஆசிரியர் ஐந்தாண்டுக்குள் அதைப் பெற்றாக வேண்டும் என்றது அது. 2017இல் ஒரு திருத்தம் வந்து 2019 மார்ச் வரை அவகாசத்தை நீட்டியது. அறிவிக்கை விலக்கு கொடுக்கிறது, சட்டம் கொடுக்கவில்லை. இரண்டும் மோதினால் எது நிற்கும் என்று சட்டக் கல்லூரி முதலாண்டு மாணவருக்கும் தெரியும். அதைக் கேட்க வேண்டிய அரசுத் துறைகள் மத்தியிலும் மாநிலத்திலும் கேட்காமலே இருந்துவிட்டன.

தமிழ்நாட்டில் 2011 நவம்பர் 15 தேதியிட்ட 181ஆம் எண் அரசாணை ஆசிரியர் தேர்வு வாரியத்தைத் தேர்வு நடத்தும் அமைப்பாக ஆக்கியது. அறிவிக்கை வந்ததற்கும் இந்த ஆணைக்கும் இடையே பதினைந்து மாத இடைவெளி. அந்த இடைவெளியில் அரசு உதவி பெறும் பள்ளிகளில் சேர்ந்தவர்கள் தனி இனமாகிப் போனார்கள். அவர்களுக்கு ‘டெட் நிபந்தனை ஆசிரியர்கள்’ என்றே பெயர் வந்துவிட்டது. சேர்ந்த நாளில் மாநிலத்தில் எழுதுவதற்குத் தேர்வே இல்லை. ஆனால் எழுதித் தேறவில்லை என்பது அவர்கள் மேல் குறையாக நின்றது.

முதல் தேர்வும் 0.4 விழுக்காடும்

2012 ஜூலை 12 அன்று முதல் தேர்வு. இரண்டு தாளுக்கும் சேர்த்து ஆறு லட்சத்துக்கு மேற்பட்டோர் எழுதினார்கள். தேறியவர்கள் சுமார் 2,400 பேர். அதாவது ஆயிரத்துக்கு நான்கு பேர்கூட முழுதாகத் தேறவில்லை.

இதை வைத்து ‘நம் ஆசிரியர்களின் லட்சணம் இதுதான்’ என்று எழுதியவர்கள் அன்று நிறையப் பேர். எனக்கு அந்த வாதத்தில் உடன்பாடு இல்லை. 150 வினாக்களுக்கு அன்று கொடுத்த நேரம் 90 நிமிடம். ஒரு வினாவுக்கு 36 நொடி. கணக்கு வினாவும் ஆங்கிலப் பத்தியைப் படித்து விடை சொல்லும் வினாவும் அதே 36 நொடிக்குள். அதே ஆண்டு அக்டோபர் 14 அன்று துணைத்தேர்வு வைத்தபோது நேரத்தை மூன்று மணியாக்கினார்கள். தேறியவர் எண்ணிக்கை பத்தொன்பதாயிரத்தைத் தாண்டியது. மூன்று மாதத்தில் ஆசிரியர்கள் எட்டு மடங்கு அறிவாளிகளாகிவிட்டார்களா என்ன? தேர்வின் அளவுகோல் மாறியது, அவ்வளவுதான். அதற்குள் ‘டெட்’ என்றாலே பூதம் என்ற எண்ணம் பதிந்துவிட்டது. மாவட்டத் தலைநகரம் தோறும் பயிற்சி மையங்கள் முளைத்ததும் அந்தப் பயத்தின் மேல்தான்.

தாளின் உள்ளடக்கத்தைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் தாளில் குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும், தமிழ் அல்லது வேறு முதல் மொழி, ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல் என்று ஐந்து பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 30. இது நியாயமான தாள். தொடக்கப்பள்ளி ஆசிரியர் இந்த ஐந்தையும்தான் நடத்துகிறார். இரண்டாம் தாளில்தான் சிக்கல். உளவியல், இரு மொழிகள் போக மீதி 60 மதிப்பெண்ணுக்குக் கணிதம்-அறிவியல் அல்லது சமூக அறிவியல். கணக்கு ஆசிரியருக்கும் வரலாற்று ஆசிரியருக்கும் பாதை தெளிவு. தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் என்ன செய்வார்கள்? இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தான் வகுப்பில் ஒருநாளும் நடத்தாத பாடத்தில் 60 வினாவுக்கு விடை எழுத வேண்டும். இலக்கணத்தில் கரை கண்டவர் பல்லவர் கால வரிசையிலும் பாறை வகைகளிலும் தடுமாறித் தோற்றால், அது தமிழ் கற்பிக்கும் தகுதியைப் பற்றி எதையும் சொல்வதில்லை. பதினைந்து வருடத்தில் இந்த ஒரு அமைப்பையாவது மாற்றியிருக்கலாம்.

நுழைவுச் சீட்டு தரவரிசை ஆனபோது

தகுதித் தேர்வு என்றால் தேர்ச்சி, தோல்வி என்ற இரண்டே முடிவுதான் இருக்க வேண்டும். ஓட்டுநர் உரிமம் மாதிரி. ஆனால் குழுமத்தின் வழிகாட்டு நெறிகளே பணி நியமனத்தில் டெட் மதிப்பெண்ணுக்கு இடம் தரலாம் என்றன. தமிழ்நாடு அந்த வாசலை அகலத் திறந்தது. 2012 அக்டோபரில் வந்த வெயிட்டேஜ் முறையில் பட்டதாரி ஆசிரியருக்கு பிளஸ் டூவுக்கு 10, பட்டப்படிப்புக்கு 15, பி.எட்.டுக்கு 15, டெட்டுக்கு 60 என்று நூறு மதிப்பெண்.

டெட்டுக்கான 60ஐப் படிப்படியாகப் பிரித்திருந்தார்கள். 60 முதல் 70 விழுக்காட்டுக்குள் எடுத்தவருக்கு 42, அதற்கு மேல் 80க்குள் எடுத்தவருக்கு 48, இப்படி. இதில் 150க்கு 90 வாங்கியவருக்கும் 104 வாங்கியவருக்கும் ஒரே 42. ஆனால் 105 வாங்கியவருக்கு 48. பதினான்கு மதிப்பெண் வித்தியாசத்துக்கு விலையில்லை, ஒரு மதிப்பெண்ணுக்கு ஆறு புள்ளி. 2014 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் இந்தப் படிமுறை அறிவுக்குப் பொருந்தாது என்று தள்ளியது. அடுத்த மாதமே அரசு 71ஆம் எண் அரசாணையில் ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் விகிதப்படி மதிப்புத் தரும் முறையைக் கொண்டுவந்தது.

கணக்குச் சரியானது. அநியாயம் வேறு பக்கம் போனது. 1990களில் பிளஸ் டூ முடித்தவர் 1200க்கு 800 வாங்கியிருந்தால் ஊரே மெச்சும். 2008இல் முடித்தவர் 1050 வாங்குவது சாதாரணம். பள்ளித் தேர்வின் மதிப்பெண் தாராளம் ஏறிக்கொண்டே போன காலம் அது. விகிதப்படி மதிப்பிட்டால் மூத்தவர் டெட்டில் கூடுதலாக வாங்கினாலும் பிளஸ் டூ அவரைக் கீழே இழுத்துவிடும். இருபது வருடத்துக்கு முந்தைய மதிப்பெண் பட்டியலை இன்று திருத்த முடியாது அல்லவா. டெட்டில் தேறியும் வேலை கிடைக்காமல் போனவர்களின் போராட்டங்களில் ‘வெயிட்டேஜை ரத்து செய்’ என்ற முழக்கம் முதலில் நின்றதற்கு இதுதான் காரணம்.

இதற்கு நடுவே இன்னொரு திருப்பம். 2013 ஆகஸ்டில் அடுத்த டெட் நடந்து, முடிவுகள் வந்து, சான்றிதழ் சரிபார்ப்பும் தொடங்கிய பிறகு, 2014 பிப்ரவரியில் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 விழுக்காடு தளர்வு அறிவிக்கப்பட்டது. 90க்குப் பதில் 82 போதும். (55 விழுக்காடு என்பது 82.5. அரை மதிப்பெண்ணைக் கீழ்நோக்கிச் சரித்தார்கள். அரசுக் கணக்கில் அபூர்வமான தாராளம்.) சமூக நீதியின் பார்வையில் தளர்வு சரியானது, பிற மாநிலங்கள் முன்பே கொடுத்திருந்தன. ஆனால் அதை ஏற்கெனவே முடிந்த தேர்வுக்கும் பொருத்தியதால், ஒரே இரவில் பல பத்தாயிரம் பேர் புதிதாகத் தகுதி பெற்று அதே வரிசையில் சேர்ந்தார்கள். 90க்கு மேல் வாங்கியவர்களில் பலர் வெயிட்டேஜில் பின்தங்கினார்கள். வழக்கு மதுரைக் கிளையில் ஒரு மாதிரியும் சென்னையில் வேறு மாதிரியும் தீர்ந்து, கடைசியில் 2016 நவம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றம் லாவண்யா வழக்கில் தளர்வும் வெயிட்டேஜும் செல்லும் என்றது.

வழக்கு ஓடிய காலம் முழுக்கப் பொதுத் தேர்வு நடக்கவில்லை. 2013க்கு அடுத்த பொதுவான டெட் 2017இல். பிறகு 2019, 2022, 2025. ஆண்டுக்கு ஒருமுறையாவது என்று நெறிகள் சொல்லியிருக்க, இங்கே உலகக் கோப்பைக்காவது ஒரு கால அட்டவணை உண்டு என்ற நிலை. சிபிஎஸ்இ நடத்தும் மத்தியத் தகுதித் தேர்வு இதே காலத்தில் பெரும்பாலும் ஆண்டுக்கு இருமுறை நடந்தது.

ஏழாண்டு ஆயுள்

வெறும் கணக்குக்காக ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். 1983இல் பிறந்த பெண், பி.எட். முடித்தவர், 2013 தேர்வில் 95 மதிப்பெண். வெயிட்டேஜில் கட்-ஆஃபுக்குச் சற்றுக் கீழே நின்று 2014 நியமனத்தில் வாய்ப்பு இழக்கிறார். சான்றிதழ் ஏழாண்டு செல்லும், அடுத்த நியமனத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கிறார். 2018 ஜூலையில் 149ஆம் எண் அரசாணை வருகிறது. வெயிட்டேஜ் ரத்து. ஆனால் டெட் இனி வெறும் தகுதி மட்டுமே. வேலைக்குத் தனியாக ஒரு போட்டித் தேர்வு எழுத வேண்டும். அந்தப் போட்டித் தேர்வு எப்போது வந்தது? பட்டதாரி ஆசிரியருக்கு 2024 பிப்ரவரி 4. இடைநிலை ஆசிரியருக்கு 2024 ஜூலை 21. அவருடைய சான்றிதழின் ஏழாண்டு ஆயுளோ 2020இலேயே முடிந்திருக்கும்.

போட்டித் தேர்வு வருவதற்குள் தகுதிச் சான்றிதழ் காலாவதியாகிவிடும் என்ற இந்த விசித்திரத்திலிருந்து அவரைக் காப்பாற்றியது மாநில அரசு அல்ல, குழுமத்தின் வேறொரு முடிவு. 2021 ஜூன் மாதம் மத்தியக் கல்வி அமைச்சகம் டெட் சான்றிதழ் இனி ஆயுள் முழுக்கச் செல்லும் என்று அறிவித்தது. 2011 முதலே பொருந்தும், காலம் முடிந்தவர்களுக்கு மாநிலங்கள் மறுமதிப்பளித்தோ புதிதாகவோ சான்றிதழ் தர வேண்டும் என்றும் சொன்னது. தமிழ்நாடும் அதை ஏற்றது.

ஆக, தமிழ்நாட்டு ஆசிரியருக்கு ‘புதுப்பித்தல்’ என்று தனியாக ஒரு நடைமுறை இன்று இல்லை. பழைய சான்றிதழில் ஏழாண்டு என்று அச்சிட்டிருந்தாலும் அது செல்லும். இதைத் தெரியாமல் 2012, 2013 சான்றிதழைப் பரணில் போட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

ஏழாண்டு விதியை எடுத்தது நல்லதுதான். ஆனால் அது எதற்காக வைக்கப்பட்டது என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை. ஆசிரியரின் அறிவு காலத்தோடு புதுப்பிக்கப்பட வேண்டும் என்பது நோக்கம் என்றால், அதற்கு வழி திரும்பப் பரீட்சை அல்ல. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஆசிரியர் சான்றிதழ் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. அதற்கு வகுப்பாசிரியர் அந்த ஐந்தாண்டில் 150 மணி நேரத் தொடர் பயிற்சி முடித்திருக்க வேண்டும். பள்ளி முதல்வருக்கு 200 மணி நேரம். வேலையில் இருப்பவரை மறுபடி தேர்வறைக்கு அனுப்பாமல், வேலையோடு சேர்த்துக் கற்க வைக்கும் ஏற்பாடு அது. பயிற்சியெல்லாம் தரமாக நடக்கிறதா என்பது வேறு விஷயம். நம்மூர் பணியிடைப் பயிற்சிகளில் கையெழுத்துப் போட்டு டீ குடித்து வந்தவர்களுக்கு அந்தச் சந்தேகம் நியாயமாகவே வரும். ஆனாலும் முறை என்ற அளவில் அது யோசித்து வைத்தது.

வயது வரம்பும் இதே காலத்தில் ஆட்டம் காட்டியது. நேரடி நியமனத்துக்கு 40 வயது உச்சவரம்பு கொண்டுவந்தார்கள். எதிர்ப்பு வந்ததும் தளர்த்தினார்கள். 2023இல் பொதுப் பிரிவுக்கு 53, மற்றவர்களுக்கு 58 என்று நின்றது. நம் கற்பனை ஆசிரியை 2024 தேர்வை நாற்பதைத் தொட்ட பிறகும் எழுத முடிந்தது அதனால்தான். அங்கேயும் முதலில் கட்டாயத் தமிழ்த் தகுதித் தாள், அதில் 40 விழுக்காடு வந்தால்தான் பாடத் தாளைத் திருத்துவார்கள். அப்புறம் சான்றிதழ் சரிபார்ப்பு, தமிழ்வழிச் சான்று, சான்றிதழ்களின் உண்மைத் தன்மைச் சான்று. பட்டதாரி ஆசிரியருக்கு முதலில் அறிவித்த இடங்கள் 2,222தான்.

தலைமையாசிரியர் நாற்காலி

தமிழ்நாட்டில் பள்ளி நிர்வாகிக்கு என்று தனி உரிமம் கிடையாது. டெக்சாஸில் முதல்வராக வேண்டுமென்றால் முதுகலைப் பட்டம், இரண்டாண்டு ஆசிரியர் அனுபவம், தனிப் பயிற்சி, தனித் தேர்வு என்று பாதை பிரிகிறது. இங்கே பணிமூப்பு முதன்மை. இடைநிலை ஆசிரியர் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியராகவோ பட்டதாரி ஆசிரியராகவோ உயர்வார். பட்டதாரி ஆசிரியர் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஆவார். அங்கிருந்து வட்டாரக் கல்வி அலுவலர் பதவிக்கும் வழி உண்டு. உரிய இடங்களில் துறைத் தேர்வுகள் உண்டு.

இந்த ஏணியில் டெட் எங்கே வருகிறது என்பதைத் துறையின் விதிகள் நேரடி நியமனத்துக்கு மட்டும் சொல்லிவிட்டு, பதவி உயர்வைத் தொடாமல் விட்டிருந்தன. 2023 ஜூன் 2 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஆர். மகாதேவன், முகமது ஷஃபீக் அமர்வு அதை ஏற்கவில்லை. 2011 ஜூலை 29க்கு முன்பு நியமிக்கப்பட்டவர் டெட் இல்லாமலே பணியில் தொடரலாம், ஆண்டு ஊதிய உயர்வும் பெறலாம். ஆனால் பட்டதாரி ஆசிரியராகவோ தலைமையாசிரியராகவோ பதவி உயர்வு பெற, எந்த ஆண்டில் சேர்ந்திருந்தாலும் டெட் வேண்டும் என்றது தீர்ப்பு.

விளைவு நேராகப் பள்ளிகளில் தெரிந்தது. முன்னுரிமைப் பட்டியல்கள் வழக்கில் சிக்கின. பதவி உயர்வுக் கலந்தாய்வுகள் நின்றன. ஓய்வு பெற்றவரின் இடம் காலியாகவே இருக்க, மூத்த ஆசிரியர் ஒருவர் ‘பொறுப்பு’ தலைமையாசிரியராக இரண்டு வேலையையும் பார்த்தார். பொறுப்புக்குக் கையெழுத்து உண்டு, சம்பள உயர்வு இல்லை.

இங்கே ஒன்றைப் பளிச்சென்று சொல்லத் தோன்றுகிறது. டெட் தாளில் பள்ளி நடத்துவதைப் பற்றி ஒரு வினாகூட இல்லை. தலைமையாசிரியரின் நாள் எப்படிப் போகிறது? காலைச் சிற்றுண்டியும் மதிய உணவும் சரியாக வந்ததா, கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் வருகையை ஏற்றியாயிற்றா, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் பெற்றோர் வந்தார்களா, கழிவறைத் தண்ணீர்த் தொட்டி மோட்டார் எப்போது சரியாகும், சம்பளப் பட்டியல் போயிற்றா, இடைநின்ற பிள்ளையின் வீட்டுக்கு யார் போவது. இதில் எதையும் அளக்காத தேர்வு தலைமையாசிரியர் தகுதியாவது சட்டப்படி சரி, நடைமுறையில் அர்த்தமில்லை. வகுப்பெடுக்கும் தலைமையாசிரியருக்கு ஆசிரியத் தகுதி வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. நிர்வாகத்துக்கு ஒரு தகுதியை யோசித்து உருவாக்குவதற்குப் பதில், கையில் இருந்த தாளை எடுத்து அங்கேயும் ஒட்டிவிட்டோம் என்பதுதான் என் குறை.

இரண்டாண்டு

உயர் நீதிமன்றம் பணியில் தொடரலாம் என்று விட்ட இடத்தையும் 2025 தீர்ப்பு எடுத்துக்கொண்டது. தீர்ப்பு வந்தபோது அந்த ஆண்டின் டெட்டுக்கு விண்ணப்பம் திறந்திருந்தது. இளைஞர்களோடு போட்டி போட்டுக்கொண்டு ஐம்பதை நெருங்கியவர்களும் விண்ணப்பித்தார்கள். நவம்பர் 15, 16 தேதிகளில் தேர்வு. சில வீடுகளில் தாயும் மகளும் ஒரே வழிகாட்டி நூலைப் பங்கு போட்டுக்கொண்டதாகப் பேச்சு அடிபட்டது, நம்பக் கூடியதுதான்.

அரசு மறுசீராய்வு மனு போட்டது. பணியிலிருக்கும் ஆசிரியர்களுக்கென்றே 2026இல் சிறப்புத் தகுதித் தேர்வுகள் நடத்தவும் முடிவெடுத்தது. பாதிக்கப்படுபவர்கள் மாநிலத்தில் மட்டும் லட்சத்தைத் தாண்டும் என்னும்போது வேறு வழியில்லை. இதே அக்கறையை 2013க்கும் 2017க்கும் இடையே காட்டியிருந்தால் பாதிப்பேர் சத்தமில்லாமல் எழுதித் தேறியிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

சிறுபான்மைப் பள்ளிகளின் நிலை தனி. அவற்றுக்குக் கல்வி உரிமைச் சட்டமே பொருந்தாது என்று 2014இல் பிரமதி வழக்கில் ஐந்து நீதிபதிகள் சொல்லியிருந்தார்கள். 2025 அமர்வு அதில் ஐயம் எழுப்பி, பெரிய அமர்வுக்கு அனுப்பக் கேட்டுத் தலைமை நீதிபதியிடம் வைத்தது. அது முடிவாகும் வரை அந்தப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கெடு இல்லை.

தீர்ப்பின் நோக்கத்தில் குறை காண்பது கடினம். பிள்ளைக்குத் தகுதியான ஆசிரியர் கிடைக்க வேண்டும் என்பது சட்டத்தின் உயிர். ஆனால் இருபது வருடம் வகுப்பெடுத்தவரின் தகுதியைக் கண்டறிய 150 கொள்குறி வினாதான் வழியா? அவர் வகுப்பில் பிள்ளைகள் வாசிக்கிறார்களா என்று போய்ப் பார்க்கலாமே. கல்வித் துறைக்கு வட்டாரக் கல்வி அலுவலர் முதல் ஆசிரியர் பயிற்றுநர் வரை அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். சட்டம் கேட்பது தகுதியை. அதைத் தேர்வு என்ற வடிவத்தில் வைத்தது குழுமத்தின் அறிவிக்கை. பணியிலிருப்பவருக்கு வேறு வடிவத்தைக் குழுமம் யோசிப்பதற்குக் கதவு அடைக்கப்படவில்லை என்றே நினைக்கிறேன்.

இப்போதைக்கு, தேர்வு எழுத வேண்டியவர்கள் முதலில் தாளைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதில் கவனமாக இருக்க வேண்டும். தொடக்கப்பள்ளி இடைநிலை ஆசிரியர் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள முதல் தாள் போதும். ஆனால் பட்டதாரி ஆசிரியராகவும் அதன் வழியே நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியராகவும் உயர நினைப்பவருக்கு இரண்டாம் தாள் வேண்டும். பி.எட். வைத்திருக்கும் இடைநிலை ஆசிரியர்கள் ‘பெரிய தாளை எழுதிவிட்டால் இரண்டும் தீர்ந்தது’ என்று நினைப்பதைப் பார்க்கிறேன். தீராது. ஒன்று முதல் ஐந்துக்கு முதல் தாளும் ஆறு முதல் எட்டுக்கு இரண்டாம் தாளும் தனித்தனித் தகுதிகள். ஒன்று மற்றதற்கு ஈடாகாது. கெடு 2027 செப்டம்பரில் முடிகிறது என்பதால், வேலையைக் காக்கும் தாளை முதலில் முடித்துவிட்டு, பதவி உயர்வுக்கான தாளை அடுத்து வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். ஓய்வுக்கு ஐந்தாண்டு இருக்கிறதா இல்லையா என்பதைப் பணிப்பதிவேட்டில் உள்ள பிறந்த தேதியை வைத்து, 2025 செப்டம்பர் 1 அன்றைய நிலவரப்படி கணக்கிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் நிற்பவர்கள் வாய்வார்த்தையை நம்பாமல் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது.